பூட்டிக் கிடந்த கடையோட கேமரா

கையை எடுங்கக்கா, அந்த பட்டனை இப்ப அமுக்காதீங்க. அழிக்கத்தான் போறோம். அதுக்குத்தானே வந்திருக்கேன். ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க.

பொண்ணு பிரசவத்துக்குன்னு நீங்க தையல்கடையைப் பூட்டிட்டுப் போய்ப் பதினாலு மாசம் ஆச்சு. மெயின் சுவிட்சை அணைக்க மறந்துட்டீங்க, கரண்ட்டு பில்லும் நெட்டு பில்லும் பேங்க்குலேருந்து தானாப் போயிருக்கு. அன்னிலேருந்து இந்தக் கேமராப் பொட்டி ஒரு நாள் கூட லீவு போடல. பூட்டின கடை வாசலைப் படம் புடிச்சு, டிஸ்க்குல ஒண்ணு, நெட்டுல ஒண்ணுன்னு சேத்து வெச்சிருக்கு. நெட்டுன்னா அது ஆகாசத்துல இல்லக்கா. எங்கயோ ஒரு கட்டடம். உள்ள அலமாரி அலமாரியா மிஷினு. அது சூடாகாம இருக்க ராப்பகலா ஏசி, கரண்ட்டு, தண்ணி. எல்லாம் எதுக்கு? உங்க வாசல்ல பூனை தூங்கறதைப் பத்திரப்படுத்தி வெக்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

கேமரா மாட்டிப் பொழைக்கறவன் பேசற பேச்சாங்கறீங்க. எங்க அடுக்குமாடியில மொதல்ல இந்த அழிக்கற வேலையை ஆரம்பிச்சவனே நான்தான். மூணு மாசம் படத்தைச் சேத்து வெச்சிருந்தாங்க, ஒருத்தரும் திரும்பிக் கூடப் பாத்ததில்ல. ஏழு நாள் போதும், எட்டாம் நாள் தானா அழியட்டும்னு நானே செட் பண்ணிக் குடுத்தேன். கூட்டத்துல எல்லாரும் கை தட்டினாங்க. எங்கப்பா கடைசி வரிசையில உக்காந்து, எல்லாரும் நிறுத்தினப்புறமும் தட்டிக்கிட்டிருந்தாரு. எனக்கு வெக்கமாப் போச்சு.

அப்புறம் தெரு முழுக்கப் போய்ச் சொன்னேன். எதிர்த்தாப்ல லாண்டரிக்காரர் என் பேச்சை அப்படியே கேட்டுக்கிட்டு வாராவாரம் அழிச்சுடறாரு. நல்ல மனுஷன், பாவம். மருந்துக்கடையில மட்டும் பழசு இருந்துச்சு. ஆனா அவங்க போர்டு மறைச்சு, கீழ்ப்பாதிதான் தெரியுது. வெறும் காலுங்க நடந்து போகும். எத்தனை தடவை பாத்தேன்னு கணக்கில்ல. இப்பல்லாம் கண்ணை மூடினாலே அந்தக் காலுங்கதான் வருது.

உங்க கடைதான் முக்குல இருக்கு, ரெண்டு ரோடும் தெரியும். நீங்க எங்க போனீங்கன்னு அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியல, நம்பரும் இல்ல. தினமும் வந்து ஷட்டர்ல காதை வெச்சுக் கேப்பேன்க்கா. உள்ள இந்தப் பொட்டியோட ஃபேன் விர்ருன்னு ஓடும். அப்பாடான்னு போவேன். ஊருக்கெல்லாம் அணைங்க அணைங்கன்னு சொல்றவன், இது மட்டும் அணைஞ்சுடக் கூடாதேன்னு செத்துக்கிட்டிருந்தேன்.

சேச்சே, திருட்டு எதுவும் போகலக்கா.

அழிக்கறது தப்புன்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் சேத்து வெச்சா எங்க கொண்டு போய்க் கொட்டறது? ஆனா ஏழு நாள்னு எதை வெச்சுடா சொல்றேன்னு ஒருத்தராவது என்னைக் கேட்டிருக்கலாம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்க்கா. அவ்ளோதான்.

எங்கப்பா என் தங்கச்சி வீட்டுக்குப் போனா பத்துப் பதினஞ்சு நாள் இருந்துட்டுத்தான் வருவாரு. தனியாவே பஸ் ஏறிடுவாரு, போனை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிடுவாரு. போன மழைக்காலத்துல ஒரு செவ்வாக்கிழமை, நான் எந்திரிக்கறதுக்குள்ள பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அங்கதான் இருக்காருன்னு நான் பாட்டுக்கு இருந்தேன். ஒம்பதாம் நாள் தங்கச்சி போன் பண்றா. அண்ணே, அப்பாகிட்ட கொஞ்சம் குடு, பேசி ரொம்ப நாளாச்சுங்கறா.

போலீஸ்ல கேட்ட மொத கேள்வியே, உங்க கேட்டுல கேமரா இருக்காமேன்னுதான். தங்கச்சி என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா தேவலை.

ம், இந்தத் தேதிதான்க்கா. காலைல அஞ்சு மணிலேருந்து போடுங்க. வேகமா ஓட்டாதீங்க, அவர் மெதுவாத்தான் நடப்பாரு.