ஏழு சீற்றும் ரெண்டு பேரும்

ஓம் தம்பி, ஏழு சீற்றுத்தான். வீட்டில எத்தினை பேரோ? நானும் மகள் நிலக்சியும். சிரியும், சிரியும். இந்த இக்காஸ்ட் ஊர் முழுக்கச் சிரிச்சு முடிஞ்சுது, கார் வாங்க விபோர்க்கில இருந்து வந்த நீர்தான் மிச்சம்.

மனிசி செத்தாப்பிறகு வீட்டுச் செலவெல்லாம் என்ர பொறுப்பு. குரங்கின்ர கையில பூமாலைதான். கடைசியில மகள் என்னைக் குசினி மேசையில இருத்திப் பாடம் எடுத்தாள். டெனிஷில ரெண்டு சொல்லாம். பெஹோவ் எண்டா தேவை, ஓன்ஸ்க எண்டா ஆசை. ஒவ்வொண்டாக் கேட்டுக்கொண்டு வந்தாள். ரெண்டாவது ஃபிறீசர்? வேணும் எண்டன். ஜிம்? வேணும். ஏழு சீற்றுக் கார்? அதுவும் வேணும், கோயிலுக்குப் போற சனம் ஆரும் ஏறுவினம்தானே. அப்பா, உங்கட வேணும் எந்த வேணும் எண்டு கத்தினாள். எனக்கெங்க தெரியும்? பிறந்ததில இருந்து என்னட்ட ஒரே ஒரு வேணும்தான் இருக்கு. அந்த ஜிம்முக்கும் ஒருக்காத்தான் போனனான், வாசலில ஆரோடையோ கதைச்சுப்போட்டுத் திரும்பிட்டன்.

பிறகு பிடிச்சுது பாரும் வியாதி! எதைக் கண்டாலும் இது தேவையோ, தேவையோ எண்டு கேக்கத் துவங்கிட்டன். சலூன் தேவையில்லை எண்டு தலைமயிரை நானே வெட்டினன். ஓம், தொப்பி அதுக்குத்தான்.

போன கிழமை மகளுக்கு மூண்டு மணித்தியால ஓட்டத்தில இருக்கிற அல்பர்ட்ஸ்லுண்டில வேலை கிடைச்சுது. என்னோட டெனிஷில கதைக்கிறவள், அண்டைக்குத் தமிழில கேட்டாள், அப்பா, நான் இஞ்ச நிக்க வேணுமோ எண்டு.

நான் பாடம் படிச்ச பிள்ளையெல்லே, வடிவா யோசிச்சன். சமைப்பன், தோய்ப்பன், ஃபாக்டரிக்கு என்ர பாட்டில போய்வருவன். தேவையில்லை பிள்ளை எண்டன். அவள் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டாள். அவள் கேட்டது மற்ற வேணும், அந்த ஓன்ஸ்க. இந்த மொட்டைத் தலைக்கு அது விளங்கக் கனநேரம் பிடிச்சுது. அவள் என்னோட நிக்கோணும் எண்டு எனக்குக் கொள்ளை ஆசை, தம்பி.

சரி, கார் உமக்குத்தான். ஆனா ஞாயிற்றுக்கிழமை வந்து எடும். சனிக்கிழமை அவளின்ர கட்டில், மேசை, உடுப்புப் பெட்டியெல்லாம் ஏத்தோணும்.

என்ன? அந்த ஆசையை அவளிட்டச் சொல்லுங்கோவன் எண்டுறீரோ?

சொன்னா நிண்டிடுவாள், தம்பி.