தட்டாமல் பூட்டிய கதவு

இன்ஸ்பெக்டர் அம்மா, இனி நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. யார்மேல் சத்தியம் செய்வது என்று நேற்றெல்லாம் யோசித்தேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவ்வளவு தூரத்துக்குச் சத்தியம் பலிக்குமா என்று தெரியவில்லை. ஆகவே என் இரண்டு காதுகள்மேல் சத்தியம் செய்கிறேன். அவை எப்போதோ செத்துவிட்டவை, யாருக்கும் நஷ்டமில்லை. கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்டுவதற்கு நன்றி. உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

பெயர் சந்திரமோகன். வயது எழுபத்திரண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் முப்பத்தொரு வருடம் மேற்பார்வையாளனாக இருந்தேன். காது போனது அங்கேதான். ஒருநாள் கிரேன் சங்கிலி அறுந்து பன்னிரண்டு டன் இரும்பு என் பக்கத்தில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் வலது காது கழன்றுபோயிற்று. இடது காது, தனியாக இருக்கப் பிடிக்காமல், ஒரே மாதத்தில் பின்னாலேயே போனது.

ஓய்வு பெற்றதும் இந்தப் பள்ளியின் முதலாளி என்னை நிர்வாகியாக வைத்துக்கொண்டார். மில்லை நடத்தியவனுக்குப் பள்ளிக்கூடம் பெரிய விஷயமில்லை. இரண்டிலும் சத்தம் கொடுத்தால் உள்ளே வருவார்கள், சத்தம் கொடுத்தால் வெளியே போவார்கள். கேளாத காது நிர்வாகத்துக்கு எவ்வளவு உதவி என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. யாராவது எதையாவது கேட்டு வந்தால் காதில் கைவைத்துக் குனிவேன். இரண்டாம் முறை சத்தமாகச் சொல்வார்கள். மூன்றாம் முறைக்குள் அவர்களுக்கே அலுத்துவிடும். ஒன்பது வருடத்தில் மூன்றாம் முறையும் கேட்டவள் ஒருத்திதான், ஆயா செண்பகம்.

அவள் கேட்டது ஒரு தாள். ஆயாக்கள், வாட்ச்மேன், வேன் டிரைவர்கள் எல்லாம் சேர்த்துப் பதினொரு பேருக்கும் பணி ஆணை வேண்டும் என்றாள். இன்னார் இன்ன வேலை பார்க்கிறார் என்று எழுதி, முத்திரை குத்திய தாள். தாள் கொடுத்தால் நிரந்தரம் ஆகிவிடுவார்கள் என்று முதலாளி மறுத்துவிட்டார். நான்காம் முறையாக அவள் கேட்க வரவில்லை. பள்ளி கேட்டுக்கு வெளியே தார்ப்பாய் கட்டிப் பதினொரு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

வாட்ச்மேன் எபினேசர் என்னைப் பார்த்துக் கத்தினான்.

"இன்னா சார், நீ கேக்குற வரைக்கும் இங்கியேதான் குந்திக்கினு இருப்போம். எத்தினி நாளானாலும் சரி."

உதட்டைப் பார்த்தே படித்துவிடுவேன். மில்லில் கற்றுக்கொண்ட வித்தை அது. எதிராளி முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாலும் ஓரளவு படிப்பேன்.

அன்றே பதினொரு பேரின் வேலையையும் பட்டியல் போட்டேன். ரம்யா மிஸ்ஸும் மற்ற டீச்சர்களும் வகுப்பறைகளைப் பெருக்கிக்கொண்டார்கள். பெல், கேட், தண்ணீர்த் தொட்டி மோட்டார், மாலையில் கழிப்பறைக் கட்டடத்தைப் பூட்டுவது, இந்த நான்கும் என்னுடையவை. ஆள் இல்லாமல் பள்ளி நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் காக்கைகள்கூட சாப்பாட்டு மிச்சத்தைக் குப்பைத்தொட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்டன. நம்பாவிட்டால் ரம்யா மிஸ்ஸைக் கேளுங்கள்.

பெற்றோர்கள்தான் சரியாக நடந்துகொள்ளவில்லை. முக்கால்வாசிப் பேர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள். தாள் இல்லாமல் வேலை செய்வது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளையை விட வரும்போதே தார்ப்பாய்க்கு நாஷ்டா வாங்கி வந்தார்கள். பென்னி என்பவர், மூன்றாம் வகுப்புப் பையனின் அப்பா, தினமும் ஒரு கேன் டீ கொண்டுவந்தார். ஐந்தாம் நாள் முதலாளி போன் செய்து, பெற்றோர் நம் பக்கம் வராவிட்டால் திங்கட்கிழமை நானும் வரவேண்டாம் என்றார். போனை நெஞ்சில் வைத்துக்கொண்டால் அதிர்வில் எனக்கு விஷயம் புரிந்துவிடும்.

எனக்கு அலுப்பாக இருந்தது, அம்மா. கோபமெல்லாம் இல்லை. எழுபத்திரண்டு வயதில் தொட்டிக்கும் கேட்டுக்கும் நடந்து நடந்து வரும் அலுப்பு.

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை. மூன்றரைக்குப் பெல் அடித்தேன். மூன்றே முக்காலுக்குக் கழிப்பறையின் வெளி இரும்புக் கதவைப் பூட்டினேன். அந்தக் கட்டடம் என் அறைக்கு நேர் பின்னால், நடுவில் ஒரு முருங்கை மரம், பன்னிரண்டு அடி.

செண்பகம் பூட்டுவதை ஒன்பது வருடம் பார்த்திருக்கிறேன். உள்ளே ஐந்து கதவு. துடைப்பக் கட்டையால் ஒவ்வொன்றையும் மூன்று முறை தட்டுவாள். "உள்ள யார்னா கீறீங்களா கண்ணு?" என்பாள். கொஞ்சம் நிற்பாள். பிறகுதான் பூட்டுவாள். ஒன்பது வருடத்தில் உள்ளே பிள்ளை இருந்தது இரண்டே தடவைதான். அந்தத் தட்டலை நான் பட்டியலில் எழுதவில்லை. யாரும் அவளை அதைச் செய்யச் சொல்லவில்லை, அதனால் அது வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் கேட்ட தாளைக் கொடுத்திருந்தாலும் அதில் அது இருந்திருக்காது.

தட்டாமல் பூட்டினேன். இதுதான் என் குற்றம். ஒப்புக்கொள்கிறேன்.

நான்கு மணிக்கு இரண்டாம் வகுப்பு வராந்தாவில் ஒரு பையும் தண்ணீர்ப் பாட்டிலும் கிடந்தன. நாஜியா என்று பெயர் எழுதியிருந்தது. வெளியே கிடந்தால் நாய் இழுத்துப்போகும் என்று எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கொசு வரும் என்று பின் ஜன்னலையும் சாத்தினேன்.

நான்கேகாலுக்கு அவள் அம்மா ஜுவைரியா வந்தாள். பழவேற்காடு பஸ் லேட் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். மகள் எங்கே என்று கேட்டாள். பிள்ளைகள் எல்லோருக்கும் பெல் அடித்தாயிற்று என்று சொன்னேன். கேட்டில் வாட்ச்மேன் வேலை பார்த்திருந்தால் யார் யாரோடு போனார்கள் என்று தெரிந்திருக்கும், வெளியே உட்கார்ந்திருக்கிறான், அவனையே கேளுங்கள் என்றும் சொன்னேன். நான் சொன்னதில் எது பொய்?

அவர்கள் தார்ப்பாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள். எபினேசர் ரயில் தண்டவாளத்துப் பக்கம் ஓடினான். டிரைவர் தாவீது வேனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். அந்த ஆறு நாளில் வேன் ஓடியது அன்று மட்டும்தான். செண்பகம் ஏரிக்கரைக்குப் போனாள். பெற்றோர்கள் திரும்ப வந்து கூடினார்கள். பிள்ளையைக் காணாத பள்ளியின் வாசலில் பணி ஆணை கேட்டு எழுதிவைத்த தட்டி நன்றாக இருக்காது. பென்னி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திருப்பிச் சுவரோடு சாய்த்துவைத்தார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்குச் செண்பகம் காலெல்லாம் சேறாக என் அறைக்கு வந்தாள்.

"சார், பின்னால பூட்டசொல்ல தட்டினியா?"

காதில் கைவைத்துக் குனிந்தேன்.

"கக்கூஸ் கதவ தட்டினியா சார்?"

இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த பழைய சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தபோது கூட்டம் அங்கே வந்திருந்தது. நாஜியா வாயைத் திறந்து திறந்து மூடினாள். குரல் வரவில்லை. விரல் நுனியெல்லாம் துரு. அவள் அம்மா வாங்கிக்கொண்டாள்.

"இந்தச் சாவி யாராண்ட இருந்துச்சி?" என்று பென்னி கேட்டார்.

எல்லோரும் செண்பகத்தின் கையைப் பார்த்தார்கள். நான் யார்மேலும் பழி போடவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று ஒரு சாவி திரும்பி வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. அவள் ஏதோ சொல்ல வந்தாள். டீ கேன் கொண்டுவந்த அதே பென்னிதான் அவளை முதலில் தள்ளினார்.

மறுநாள் காலை தார்ப்பாய் இல்லை. பத்துப் பேர் தாள் கேட்காமல் வேலைக்கு வந்தார்கள். எபினேசர் எனக்கு வணக்கம் வைத்தான், முகத்தைப் பார்க்காமல். பதினொன்றாவது ஆளை உங்கள் ஆட்கள் முந்தின நாளே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். இன்றோடு பதினொரு நாளாகச் செண்பகம் புழல் சிறையில் இருக்கிறாள்.

நாஜியாவுக்கு நேற்று முன்தினம் குரல் லேசாகத் திரும்பியதாம். உங்களிடம் அவள் சொன்னதை எழுதிக் காட்டினீர்கள். "ஆயாம்மா பூட்டல. ஆயாம்மான்னா தட்டும்." இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்ல புத்தி. சாவிக்கொத்துச் சத்தமும் தாத்தா இருமுவதும் கேட்டது என்றும் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். மறுப்பதற்கு ஒன்றுமில்லை. செண்பகத்தை விட்டுவிடுங்கள். பூட்டியவன் நான். தட்டாதது என் கவனக்குறைவு. அதற்கப்புறம் நடந்ததற்கு என் காதுதான் பொறுப்பு. செவிட்டுக் கிழவனுக்குப் பன்னிரண்டு அடியும் ஒன்றுதான், பன்னிரண்டு மைலும் ஒன்றுதான். இதைச் சட்டம் புரிந்துகொள்ளும் என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு திருத்தம். பிள்ளையின் வாக்குமூலத்தில், தாத்தாவை "நெறைய வாட்டி" கூப்பிட்டதாக இருக்கிறது. அரசாங்கத் தாளில் அப்படி மொட்டையாக எழுதக் கூடாது. நாற்பத்தொரு முறை.