பவளத்தின் இருமல் மருந்து

செட்டாகக் குடும்பம் நடத்துவதில் சூரமங்கலம் ரயில்வே காலனியில் எனக்கு நல்ல பெயர். சோறு வடித்த கஞ்சியைக்கூட நான் வீணாக்கியதில்லை. என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. சம்பளத்தில் பாதி பரமத்தி வேலூரில் அவருடைய அப்பாவின் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போய்விடும். மீதியில்தான் நாங்கள் நான்கு பேரும் சாப்பிட வேண்டும்.

நான்கு பேர் என்றது நான், அவர், பவளம், மல்லிகை. பவளமும் மல்லிகையும் வெள்ளெலிகள். எதிர்வீட்டு ரயில் கார்டு துரை மாற்றலாகிப் போகும்போது கூண்டோடு கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை ஒரு காரணமாக நான் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் பவளத்துக்குச் சளி பிடித்தது. மூச்சு விடும்போதெல்லாம் கீச்சுக் கீச்சென்று சத்தம், மூக்கோரத்தில் சிவப்பாகக் கசிவு. முந்தானையில் பொதிந்து சேலம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், காளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன்.

“ஏனம்மா, பிளேக்குன்னு ஊரே எலிக்குப் பொறி வெக்குது. நீங்க வைத்தியத்துக்குக் கொண்டாந்திருக்கீங்களே?” என்றார் மாட்டு டாக்டர். ஆனால் நல்ல மனிதர். காதருகே வைத்து மூச்சைக் கேட்டார். “மனுசங்க குடிக்கிற இருமல் மருந்துல ஒரு சொட்டு, தேன்ல கொழைச்சு தெனம் நாக்குல தடவோணுமுங்க. இங்க இருக்கறது மாட்டு மருந்து. மனுச மருந்தக் கடையிலதான் வாங்கோணும்.”

கடையில் விலையைக் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தேன்.

அந்த வாரமே கடவுள் கண் திறந்தார். என் வீட்டுக்காரர் தும்மினார்.

ரயில்வே ஆஸ்பத்திரியில் உத்தியோகஸ்தர்களுக்கு மருந்து இலவசம். அவர் ஒரு சீசா மிக்சர் வாங்கிவந்தார். பவளம் அதை ஆசையாக நக்கியது. ஆனால் அந்த மிக்சர் சீக்கிரமே புளித்துவிடும். புளித்ததைக் கொடுத்தால் பவளம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புது சீசா வேண்டும். அவருக்கோ தும்மல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பொய் சொல்லும்படி கட்டின புருஷனைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அவருடைய பனியன்களைக் காயவைப்பதை நிறுத்தினேன்.

மழைக்காலம் என்பதால் அவரும் ஒன்றும் கேட்கவில்லை. குளிக்க வெந்நீருக்குப் பதில் பச்சைத் தண்ணீர் வைத்தேன். அவர் உட்காரும் பக்கமாக மிளகாய் வறுத்தேன். இருமல் வந்தது. நாணயமான இருமல்.

எலிக்கு ஒரு சொட்டுப் போக மீதியை அவருக்கே கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தால் குணமாகிவிடுவாரே. அவருக்குக் கருப்பட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

“ஏம்புள்ள வசந்தாமணி, குடிக்கக் குடிக்க இருமல் ஏறுதே?”

“மருந்து உள்ளாற போயி சளியக் கெளப்புதுங்க மாமா. குடிங்க.”

டம்ளரை என் கையாலேயே பிடித்துக்கொள்வேன். அவர் கண் கலங்கிவிடும். “நீ இல்லீன்னா நான் என்ன ஆவேன்?” என்பார்.

மார்கழியில் மல்லிகைக்கும் தொற்றிக்கொண்டது. அவருக்கு இருமல் இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது. பாயை ஜன்னலோரத்துக்கு மாற்றினேன். பனி இறங்கி, ஆள் பாதியாக இளைத்தார். ரயில்வே டாக்டர் கவலைப்பட்டுக் கடுமையான வேறொரு மருந்து கொடுத்தார். அது எலிகளுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று எனக்குப் பயம். அதனால் முதல் வேளையை அவருக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் பவளத்துக்குத் தடவினேன்.

அங்கேதான் சறுக்கினேன். இத்தனை நாள் இனித்த மருந்து இப்போது ஏன் கசக்கிறது என்று அவர் நேராக டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டார். டாக்டர் வீடு தேடி வந்தார். அலமாரியில் ஈரத்தோடு மடித்து வைத்த பனியன்களையும், எலிக்கூண்டின் மேலிருந்த சீசாவையும் பார்த்தார். இப்போது உங்களிடம் சொல்வதுபோலவே எல்லாவற்றையும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் வெகுநேரம் இருமினார். பிறகு, “எலிக்குத் தேவலையா புள்ள?” என்று மட்டும் கேட்டார்.

டாக்டருக்குத்தான் கோபம். “இந்த மனுஷன் செத்துப் போயிருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?”

அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. அவர் சாகும்படி நான் விட்டுவிடுவேனா? உத்தியோகஸ்தர் இறந்துவிட்டால் ரயில்வே மருந்து நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அவர் உயிரை என்னைப்போல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர்கள் யாருமில்லை.