வாலில் பத்து கிராம்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், பெரியவரின் துணைவியாரான அண்ணி அவர்களே, விமானங்களை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் நண்பர்களே,

ரிமோட்டில் பறக்கவிடும் மாதிரி விமானங்களுக்கான நம் சங்கத்தின் செயலாளர், 'தராசு' என்று நாம் அழைத்த பெரியவர், போன வாரம் மறைந்தார். பதினாறு ஆண்டுகள் அவர் செயலாளர். அதே பதினாறு ஆண்டுகள் நான் துணைச் செயலாளர். எனக்கு முன் பேசியவர்கள் அவரை நேசித்ததாகச் சொன்னார்கள். நான் அவர்மேல் பொறாமைப்பட்டேன். இன்றும் படுகிறேன்.

வாலைத் திருப்பும் சர்வோ மோட்டார் வாங்கப் போனால், பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து ஒவ்வொன்றாக நிறுப்பார். "சார், இது நகைக்கடை இல்ல" என்பார் கடைக்காரர். "நகை பறக்க வேண்டாம்ப்பா, இது பறக்கணும்" என்பார் இவர்.

ஒருமுறை போட்டிக்கு நான் வாலிலேயே இரண்டு பெரிய மோட்டார்களைப் பொருத்தி, வாலை அசைக்கக் கனமான இரும்புக் கம்பியும் போட்டு, பெருமையாகக் கொண்டுவந்தேன். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். வால் தொங்கியது. எல்லோர் முன்னாலும் சொன்னார்: "வால்ல ஒரு கிராம் கூடுனா மூக்குல மூணு கிராம் கேக்கும். சின்ன மோட்டாரா வாங்கி இறக்கைக்குக் கீழ வைங்க. அங்கிருந்து வாலை இழுக்க, கம்பிக்குப் பதிலா கார்பன் குச்சி போடுங்க."

கேட்டேனா? வீம்புக்கு மூக்கில் ஈயத்தை அப்பினேன். என் விமானம் ஓடியது, ஓடியது, வேலி வரைக்கும் ஓடியது. எழும்பவில்லை. கோப்பை அவருக்கு. யாருக்குத்தான் வயிறு எரியாது?

அண்ணி, இதை உங்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு போட்டியன்று, அவர் கைகழுவப் போன நேரத்தில், அவருடைய விமானத்தின் வாலில், அந்தக் கார்பன் குச்சி வெளிவரும் துளைக்குள் பத்து கிராம் ஈயத்தைத் திணித்தேன். திரும்பி வந்தார். விரலில் தூக்கிப் பார்த்தார். பேட்டரியை முன்பக்கம் தள்ளிக் கட்டினார். பறந்தார், ஜெயித்தார். பேட்டரிதான் நகர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார் என நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதே விமானத்தில் அவர் இன்னும் ஐந்து கோப்பை வாங்கினார்.

முந்தாநாள் அண்ணி அதை என்னிடம் கொடுத்தார்கள். "உங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனார்" என்றார்கள். வீட்டுக்குப் போனதும் வாலைப் பிரித்தேன். என் ஈயம் அங்கேயே இருந்தது, அசையாமல் பசை போட்டு ஒட்டியிருந்தார். பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: 'துணைச் செயலாளர் வைத்தது. 10.2 கிராம்.'

நிறுத்துப் பார்த்திருக்கிறார், நண்பர்களே. ஒரு கிராம் பொறுக்காத மனிதர், என் பத்து கிராமைச் சுமந்துகொண்டே என்னை ஆறு முறை தோற்கடித்திருக்கிறார். இனி நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

அவர் பணியை நான் தொடர்வேன். வருகிற போட்டியில் அந்த விமானத்தைப் பறக்கவிடுவேன். ஈயத்தை எடுக்க மாட்டேன்.