ஆட்டோமேட்டிக் மட்டும்

எங்கள் அடுக்குமாடியில் முந்நூற்று இருபது வீடுகள் இருக்கின்றன, மிஸ் லோ. வண்டி நிறுத்த நூற்று நாற்பது கட்டங்கள்தான். பாயா தெருபோங் மலையைக் குடைந்து வீடு கட்டியவர்களுக்கு வண்டி என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. அதனால் இங்கே ஒருவர் வண்டியை மறித்துத்தான் இன்னொருவர் நிறுத்துவார். மறிப்பவர் நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைத் தள்ளிவிட்டு வெளியே போவார். சட்டத்தில் இல்லாத ஏற்பாடு, ஆனால் சட்டத்தைவிட ஒழுங்காக நடக்கிறது.

காப்பியைக் குடியுங்கள். என் மனைவி கோகிலவாணி கோயிலுக்குப் போயிருக்கிறாள். வர ஒரு மணி நேரமாகும். அதற்குள் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேண்டிய வாக்குமூலத்தை நான் சொல்லி முடித்துவிடலாம்.

இறந்துபோன சிவபாலன் என் மனைவியின் அண்ணன். காரோட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். இருபத்து மூன்று வருடத்தில் நாலாயிரம் பேருக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்வார். அந்த நாலாயிரத்தில் சேராத ஒருவன் நான். என் இருபத்தொன்பதாவது வயதில், அவருடைய பயிற்சி மைதானத்தில், ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கும் சோதனையில் இரண்டு முறை தோற்றேன். கிளட்சை விட்டதும் வண்டி பின்னால் உருண்டது. மூன்றாம் முறை பேசாமல், கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும் எழுதிக் கொடுத்து லைசன்ஸ் வாங்கிக்கொண்டேன். பிறகு அவர் தங்கையையே கட்டினேன். கல்யாண விருந்தில் அவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "மாப்ள தங்கமானவரு. ஒரே கொற, இடது காலு சும்மா அலங்காரத்துக்குத்தான்" என்றார். மண்டபத்தில் நானூறு பேர் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவருடைய பழைய வீரா கார் மேனுவல். அதைக் கீழே யாரையாவது மறித்து நிறுத்திவிட்டு வருவார். ஆட்டுக்கறிப் பிரட்டலில் கை வைக்கும் நேரத்தில் கீழிருந்து ஹாரன் கேட்கும்.

"மாப்ள, எவனோ கத்துறான் பாருங்க. போய் நம்ம வண்டியத் தள்ளி விட்டுட்டு வந்துருங்க. தள்றதுக்கு லைசன்ஸ் வேணாம்லா."

மேசை முழுக்கச் சிரிக்கும். கோகிலவாணி மட்டும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். மரியாதை தெரிந்தவள். நான் கையைக் கழுவிவிட்டு ஏழு மாடி இறங்கிப் போய்த் தள்ளிவிட்டு வருவேன். லிஃப்ட் வேலை செய்யும் நாட்களும் உண்டு.

பதினோரு வருடம், மிஸ் லோ. நான் கோபத்தில் ஏதோ செய்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபக்காரனாக இருந்தால் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே செய்திருப்பேன். நான் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். ஒரு குறை இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதைச் சரிசெய்யத்தான் பார்ப்பேன். போன வருடம் வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, எட்டு மாதம், சனிக்கிழமை தோறும் சுங்கைப்பட்டாணிக்குப் போய் மேனுவல் கற்றுக்கொண்டேன். ரொஸ்லி என்று ஒரு ஆசிரியர், என்னைவிடச் சின்னவர். மூன்றாவது மாதத்தில் ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

"அண்ணே, இவ்ளோ பக்குவமா கால் வைக்கிறீங்க. முன்னாடி எப்பிடித் தோத்தீங்க?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்யாணமான நாளுக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

மார்ச் பதினான்காம் தேதி தேர்வு. தேர்ச்சி பெற்று, அடுத்த ஞாயிறு மச்சானை வீராவில் உட்கார வைத்து மலையைச் சுற்றி வர வேண்டும் என்பதுதான் என் திட்டம். நல்ல திட்டம். அதைக் கெடுத்தது உங்கள் கம்பெனிதான்.

வீராவுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் வேலை என்னுடையது. அவருக்குக் கணினி வராது. அதைச் சொல்லி அவரை யாரும் கிண்டல் செய்ததில்லை. பிப்ரவரி கடைசியில் புதுப்பிக்கும்போது உங்கள் நிபந்தனைகளை முழுவதும் படித்தேன். இருபத்தாறு பக்கம். உலகத்திலேயே அதை முழுசாகப் படித்த வாடிக்கையாளர் நானாகத்தான் இருப்பேன். அதில் ஒரு வரி. ஓட்டுபவரின் லைசன்ஸ் அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாக வேண்டும், இல்லையென்றால் பாதுகாப்பு இல்லை. ஆட்டோமேட்டிக் மட்டும் என்று எழுதியிருப்பவன் மேனுவலைத் தொட்டால் அவன் உங்களுக்கு ஓட்டுநரே இல்லை. அவனுக்கு அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நீங்களே முடிவு கட்டிவிடுகிறீர்கள்.

அதை நான் இரண்டு நாள் யோசித்தேன். முழு லைசன்ஸ் உள்ளவன் கையில் ஒரு வண்டி உருண்டால் அது குற்றம். என்னைப் போன்றவன் கையில் உருண்டால் அது பரிதாபம். மூன்றாம் நாள் சுங்கைப்பட்டாணிக்குப் போன் செய்து தேர்வை ரத்து செய்தேன். ரொஸ்லி ரொம்ப வருத்தப்பட்டார்.

அதற்கப்புறம் காத்திருப்பதுதான் வேலை. குப்பை அறையைத் தாண்டினால் சரிவு தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சரிவின் அடியில் காவலாளியின் குடில், ஒரு தண்ணீர்க் குழாய், அதற்குப் பின்னால் மண் சரியாமல் இருக்கக் கட்டிய கருங்கல் சுவர். வீராவின் ரேடியேட்டர் ஒழுகும். சாப்பிட்டுக் கிளம்பும்போது மச்சான் வாளியோடு அந்தக் குழாய்க்கு இறங்கி, தண்ணீர் பிடித்து, மூச்சு வாங்க ஏறி வருவார். அந்த ஞாயிறு நானும் கூடவே இறங்கினேன். காவலாளி வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், வாளியத் தூக்கி ஏன் சிரமப்படறீங்க? வண்டிய நானே கீழ கொண்டாறேன்."

அவர் காவலாளியைப் பார்த்துச் சிரித்தார். "இவரு கொண்டாறாராம்லா." பிறகு சாவியை என் பக்கம் எறிந்தார். "கொண்டாங்க மாப்ள. வெறும் எறக்கம்தான். ஸ்டீரிங்கப் புடிச்சிக்கிட்டா போதும், கழுத கூட ஓட்டும்."

நான் மேலே ஏறிப் போய் வீராவை எடுத்தேன். ஒரு குலுக்கல் இல்லை. அதை அவர் பார்க்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு வருத்தம்தான். சரிவின் தலையில் நிறுத்தி, காலால் பிரேக்கை மிதித்தபடி கீழே பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் குழாயடியில் குந்தியிருந்தார். வாளி நிரம்பும் சத்தம் மேலே வரை கேட்டது. காவலாளி போனில் தலையைக் கவிழ்த்திருந்தான். நியூட்ரலுக்குத் தள்ளினேன். என்ஜினை அணைத்தேன். கைப்பிரேக்கைத் தொடவில்லை. காலை எடுத்துவிட்டு, இறங்கி, கதவைச் சாத்தினேன். பழைய வண்டி, ஓங்கிச் சாத்தினால் பிடிக்காது, மெதுவாகத்தான் சாத்த வேண்டும்.

கூப்பிட்டிருந்தால் விலகியிருப்பார். முதல் பத்தடிக்கு வண்டி நடை வேகத்தில்தான் போனது. நான் கூப்பிடவில்லை.

வாளி பிளாஸ்டிக். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "மேனுவல் கியர்ல பார்க்கிங்குக்கு 'பி' கெடையாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். "அணைச்சா நின்னுரும்னு நெனச்சேன் சார்" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "எங்க வீட்டுக்காரியும் ஆட்டோமேட்டிக்தான்லா. இப்பிடித்தான், ஒண்ணும் தெரியாது" என்றார். என்னுடைய ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கைப்பிரேக் இருக்கிறது, மிஸ் லோ. பதினோரு வருடமாகத் தினமும் இழுத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. சுங்கைப்பட்டாணியில் என் பெயர் எட்டு மாத வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதையும் ஒருவரும் தேடவில்லை. என்னால் முடியாது என்பதில் எல்லோருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

கோகிலவாணி அண்ணனுக்காக அழுதாள், நடுநடுவே எனக்காகவும் அழுதாள். "ஒங்க மேல தப்பு இல்லங்க. ஒங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு தெரிஞ்சும் சாவியக் குடுத்தது அண்ணன்தானே. நீங்க பாவம்" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கத்தில் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு உங்கள் கம்பெனிக் கடிதம் வந்தது. மச்சானின் மனைவி பத்மினி அதை எடுத்துக்கொண்டு வந்து, இந்தக் கூடத்தில், சொந்தக்காரர்கள் முன்னால் வாசித்தாள். ஒரு மனிதன் செத்ததைப் பற்றி ஒன்றரை வரி, கியரைப் பற்றி இரண்டு பக்கம். வாகனத்தை இயக்கியவர் மேனுவல் வாகனம் ஓட்டத் தகுதியும் அறிவும் அற்றவர், அது தெரிந்தே உரிமையாளர் சாவியைக் கொடுத்தார், ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. உங்கள் கணக்குப்படி குற்றவாளி செத்துப்போனவர்தான். பத்மினி என்னைக் காட்டி, "இந்த முட்டாள் செஞ்சதுக்கு எம்புள்ளைங்க ஏன் தண்டன அனுபவிக்கணும்?" என்றாள். நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் மேல்முறையீட்டிலும் அதையேதான் எழுதியிருப்பாள். எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். மச்சான் இருந்தபோது என் குறை மேசையைச் சுற்றி ஆறு பேர் சிரிப்பதோடு முடிந்துவிடும். இப்போது அச்சடித்து, முத்திரை குத்தி, இரண்டு பிரதி.

பத்மினிக்குப் பணம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டாலும் என் லைசன்ஸில் இருப்பது மாறாது. போலீசிடம் போவதும் உங்கள் விருப்பம், நான் தடுக்க மாட்டேன். தகுதி இல்லை என்று நீங்கள் எழுதியதில் எனக்கு வருத்தமே இல்லை, அது உண்மை. அறிவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டுப் புதுக் கடிதம் தர வேண்டும். பத்மினிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

ஏன் கதவையே பார்க்கிறீர்கள்? நம்பிக்கை இல்லையென்றால் வாருங்கள், கீழே போகலாம். நீங்கள் வந்தது மேனுவல் வண்டிதானே? சாவியைக் கொடுத்துவிட்டுக் குழாயடியில் நின்று பாருங்கள், அந்தச் சரிவின் நடுவில் நிறுத்தி எடுத்துக் காட்டுகிறேன். ஒரு அங்குலம்கூட உருளாது.