ஸ்பானிஷில் ஓர் அதட்டல்

"அவுகள அதட்ட ஸ்பானிஷ்தான் தோது, மதினி."

திருச்சுழி பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் என் செல்போன் பாட்டை நிறுத்திவிட்டேன். வேலைக்காக ஸ்பானிஷ் படிக்கிறாளாம். பேசாதே என்றால் 'நோ ஆப்லெஸ்', புகைக்காதே என்றால் 'நோ ஃபூமெஸ்'.

"அவுக இருமுறதப் பாக்க முடியல. புருசன்கிட்ட நேராச் சொல்லவும் வாய் வரல. பீடி பத்த வைக்கையில எல்லாம் 'நோ ஃபூமெஸ்'னு சத்தமாப் படிப்பேன்."

"எந்தம்பிக்கு அது வெளங்கிட்டாலும்!"

"நேத்து வெளங்கிருச்சு. 'எதுன்னாலும் தமிழ்ல சொல்லு'ன்னாக."

"சொன்னியா?"

"இல்ல. வாயில இருந்த பீடியப் பிடுங்கி அடுப்புல போட்டுட்டேன்."

மதினி அவள் பக்கம் திரும்பினாள்.

"அது எந்தப் பாசைடி?"