வீட்டுக்காரருக்குக் காட்டிய தீ

எங்கள் பக்கத்தில் ஏரோப்ளேனைக் கண்டவர்களே குறைவாக இருந்த காலம். மணக்குடிக் காயலைக் கடக்கும் தோணியில் எனக்கு முன்னால் இரண்டு மீன்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“மயினி, நான் எங்க வீட்டு ஆளுக்குத்தான் தீ காட்டுனேன். வந்து எறங்குனது ஒரு வெள்ளக்காரன்.”

தோணிக்காரன்கூடக் கழி ஊன்றுவதை நிறுத்திவிட்டான்.

“என்னட்டி சொல்லுக?” என்றாள் மூத்தவள்.

“ராத்திரி கட்டுமரம் கரை சேர நேரமாயிட்டுல்லா. கடப்பொறத்துல ஓலையைக் கூட்டிக் கொளுத்திட்டு நின்னேன். மேல ஒரு இரைச்சல். பாத்தா சின்ன ஏரோப்ளேன், ரெண்டு வட்டம் சுத்தி ஈர மணல்ல வந்து இருந்துட்டு.”

“ஆளுக்கு ஒண்ணும் இல்லியே?”

“ஒரு கீறல் இல்ல. மாதா கோயில் சாமியாருக்கு இங்கிலீஸ் தெரியும்லா, அவருதான் கேட்டுச் சொன்னாரு. திருவனந்தபுரத்துக்குப் போன ஆளாம். ரெண்டு ராத்திரி ஒறக்கம் இல்லாம கண்ணு சொருகி, வழி தப்பிக் கடலுக்கு மேல போயிட்டானாம். நம்ம தீயைப் பாத்துதான் கரை தெரிஞ்சுதாம். சொல்லிக்கிட்டே மணல்ல விரிச்சிருந்த எங்க பாயில விழுந்து ஒறங்கிட்டான்.”

“அப்பம் ஒன் மாப்பிள?”

“வெளுக்கதுக்கு முன்ன வந்துட்டாரு. அவரையும் கடல் நீவாடு தெச மாத்தி இழுத்துட்டுப் போயிருக்கு. பாயைப் பாத்துட்டு, ‘இது ஆருட்டி’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“‘ஒங்கள மாதிரி வழி தப்புன ஆளுதான், மெள்ளப் பேசுங்க’ன்னேன். அவரும் பக்கத்துல மணல்ல கிடந்துட்டாரு. வெயில் ஏறுறது வரைக்கும் ரெண்டு பேரு கொறட்டையையும் கேட்டுட்டே இருந்தேன் மயினி. அம்பிட்டு சொகமா இருந்துது.”